இல்லாத லிஃப்டை ஓட்டியவள்

எங்கள் தெருவில் பிறந்த குழந்தைகளில் தரையக்காவைப் பார்த்துச் சிரிக்காத குழந்தை ஒன்றுகூடக் கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் குழந்தைகூட அவள் வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு பல் கூடுதலாகக் காட்டும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். காலண்டர் விஷயம் என் கைச்சரக்கு. சிரிக்காத குழந்தைகளும் உண்டு. அதில் ஒன்று என் சொந்தப் பேரன். பிறந்ததிலிருந்து அவன் எல்லோரையும் வட்டி வசூலிக்க வந்தவன்போல முறைத்துக்கொண்டிருக்கிறான். ஆனால் இனிமேல் சொல்லப்போவதில் நான் எதையும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு இடம் இருந்தால்தானே? நடந்ததே அந்த மாதிரி.

தரையக்கா எங்களுக்குப் பக்கத்து வீடு. வேலை, நாலு தெரு தள்ளி இருக்கும் அரசுக் குழந்தைகள் மருத்துவமனையில். மருத்துவமனை என்றதும் பெரிதாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். ஒரு கூடம், ஒரு டாக்டர் அறை, ஓர் ஊசி அறை, ஓர் அலுவலக அறை, அதற்குமேல் வானம். கூடத்தில் ஒன்றோடொன்று பிணைத்த இரும்பு நாற்காலிகள். சுவரில் தோள் உயரத்துக்கு அடித்த பச்சை வண்ணம், காத்திருந்து காத்திருந்து சாய்ந்த தலைகளால் வட்டம் வட்டமாகத் தேய்ந்திருக்கும். ஊசி அறையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தால் போதும், கூடம் முழுக்கத் தொற்றிக்கொள்ளும். எதற்கு வந்தோம் என்று தெரியாத கைக்குழந்தைகூட ஒரு மரியாதைக்கு அழுதுவைக்கும்.

டாக்டரம்மா ஒருத்திதான். கண்ணாடி எப்போதும் மூக்கின் நுனியில். வரிசையின் நீளத்தைப் பார்த்தால் ஒரு குழந்தைக்கு நாக்கை நீட்டச் சொல்லி, உள்ளே இழுக்கச் சொல்லத்தான் நேரம் இருக்கும். ஆனால் அந்த நேரத்துக்குள்ளேயே அந்த அம்மாளின் கண்ணில் சில விஷயங்கள் பட்டுவிடும். எடை சரி, தொண்டை சரி, காது சரி, ஆனால் குழந்தை தாயின் முகத்தைப் பார்ப்பதே இல்லை. அல்லது குழந்தை பார்க்கிறது, தாய் சுவரைப் பார்க்கிறாள். அப்போது மருந்துச் சீட்டை எழுதாமல் பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொல்வாள்: "அந்தக் கடைசி ரூம்ல அக்கா இருக்காங்க. போய்க் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்துட்டுப் போங்க."

அந்தக் கடைசி அறை ஒரு தினுசு. சின்னச் சதுரம். உள்ளே நுழைய ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஜன்னல் கிடையாது. ஆனால் உயரம் மட்டும் மற்ற அறைகளைப்போல இரண்டு மடங்கு. உச்சியில் தகரக் கூரை, அதன் நடுவில் வெளிச்சத்துக்காகப் பதித்த ஒரு துண்டு ஃபைபர் தகடு. அதற்குப் பக்கத்தில், யானையையே கட்டித் தொங்கவிடலாம் என்பதுபோல ஓர் இரும்புக் கொக்கி. அது எதற்கு என்று கேட்கும் குழந்தைகளிடம், பகலில் நிலாவை மாட்டிவைக்கிற இடம் என்று சொல்லிவைத்திருந்தாள் தரையக்கா. அவளுக்கே அது எதற்கென்று தெரியாது. அதுதான் இந்தக் கதை.

அறையில் நாற்காலி கிடையாது. ஆரம்பத்தில் இரண்டு இருந்தன. "நாங்க மேல உக்காந்து பேசுனா, பேச்செல்லாம் புள்ள தலைக்கு மேலயே போகுது" என்று இரண்டையும் தூக்கி வெளியே போட்டுவிட்டு, பாயை விரித்து உட்கார்ந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் தரையக்கா.

அவள் படித்தது இரண்டு வருடப் படிப்பு. பால்குடிக் குழந்தையிலிருந்து ஐந்து வயது வரைக்குமான பிள்ளைகளின் மனநலம். இதைச் சொன்னால் தெருவில் சிரிக்காத ஆள் இல்லை. காய்கறிக் கடைக்காரர் தராசைப் பிடித்துக்கொண்டே கேட்டார்: "பால் குடிக்கிற புள்ளைக்கு என்னம்மா மனக்கவலை? பால் விலை ஏறிடுச்சேன்னா?"

"அதுக்கு இல்லண்ணே. பால் வாங்குறவங்களுக்கு இருக்குல்ல? அவங்க முகத்தைத்தானே அது நாள் பூரா பாத்துக்கிட்டு இருக்கு" என்றாள் அவள். கடைக்காரர் அன்றைக்கு நிறுவையில் கொஞ்சம் தாராளமாக இருந்தார் என்று கேள்வி.

கடிக்கிற பையன் ஒருவன் இருந்தான். இரண்டு வயது. பகல்நேரக் காப்பகத்தில் மூன்று பிள்ளைகளையும் ஓர் ஆயாவையும் கடித்துவிட்டு, இனி வரவேண்டாம் என்று துரத்தப்பட்டவன். தாய் அவனைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால், குழந்தையைத் தூக்கிவந்தவள்போல இல்லை, கைதியைக் கூட்டிவந்தவள்போல இருந்தது. தரையக்கா கடிக்காதே என்று சொல்லவில்லை. ஈரத் துண்டு ஒன்றை முறுக்கி அவன் முன்னால் போட்டாள். அவன் அதை ஆசை தீரக் கடித்தான். அதற்குள் தாயிடமிருந்து விஷயம் வந்தது. தகப்பனுக்குக் கப்பலில் வேலை. ஒவ்வொரு முறையும் பையன் தூங்கிக்கொண்டிருக்கும்போது பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான், அழுவானே என்று.

"அடுத்த தடவை முழிச்சிருக்கும்போது சொல்லிட்டுப் போகச் சொல்லுங்க. அழட்டும்."

"ரெண்டு வயசுப் புள்ளகிட்டச் சொல்லிட்டுப் போறதா?" தாய்க்கு அதிர்ச்சி.

"தூங்கி எந்திரிச்சா வீட்ல ஒரு ஆள் குறையுது. நீங்களா இருந்தா கடிக்க மாட்டீங்களா?"

உடனே சரியாகிவிடவில்லை. அவன் இன்னும் இரண்டு பேரைக் கடித்தான், அதில் ஒருத்தி தரையக்கா. ஆனால் மழைக்காலம் முடிவதற்குள் காப்பகத்தில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள்.

இந்த வேலைக்கு அவள் வந்த விதமும் கேட்க வேண்டியது. அதற்கு முன்னால் துணி தைக்கும் ஆலை ஒன்றின் குழந்தைகள் அறையில் வேலை பார்த்தாள். ஆலைக்குப் பிள்ளைகளைப் பரிசோதிக்கப்போன டாக்டரம்மா, மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்ட ஒரு பெண் குழந்தையை எப்படி வெளியே கொண்டுவருவது என்று திணறியபோது, மேசைக்கடியில் ஏற்கெனவே இன்னொருத்தி உட்கார்ந்து அந்தக் குழந்தையோடு பொத்தான் எண்ணிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். அவளைப் படிக்க அனுப்பினாள். படித்து முடித்து வந்ததும், "வேலை இருக்கு. சம்பளத்த என்ன தலைப்புல போடுறதுங்குறத நான் பாத்துக்குறேன். நீ வந்து உக்காரு" என்றாள். இவளும் வந்து உட்கார்ந்தாள். மாதம் பிறந்தால் சம்பளம் வங்கிக்கு வந்தது. சம்பளச் சீட்டில் பதவி என்ற இடத்தில் ஏதோ எண் இருந்தது. அரசாங்கம் என்றால் ஏதாவது எண் இருக்கத்தானே செய்யும்?

வருடத்துக்கு ஒருமுறை பொட்டலம் ஒன்றும் வரும். கருநீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான், தொப்பி. "எதுக்குங்க இது?" என்று ஒருமுறை கேட்டாள். "குடுக்குறாங்க, வாங்கி வைங்கம்மா" என்று அலுவலகக் கிளார்க் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தொப்பி குழந்தைகள் தலைக்குப் போயிற்று. கோட்டை, பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் போட்டுக்கொண்டார். வேனில் வரும் பிள்ளைகளின் பெற்றோர் அவருக்கு வணக்கம் வைக்க ஆரம்பித்தார்கள்.

இப்படியே பத்து வருடம் போனபிறகு, தலைமை அலுவலகத்தில் ஆண்டுவிழா, அதில் அவளுக்குப் பாராட்டு என்று செய்தி வந்தது. வீடே தலைகால் தெரியாமல் ஆடியது. மாமியார், நல்லது கெட்டதுக்கென்று எடுத்துவைத்திருந்த உடுப்பை வெளியே எடுத்தாள். "இத்தன வருஷம் தரையில உக்காந்ததுக்கு மேடையில ஏத்துறாங்க பாரு" என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். என்னிடம் இரண்டு முறை சொன்னாள்.

பெரிய அரங்கம். முன்வரிசையில் கோட்டுப் போட்டவர்கள். கணவர், மாமியார், நடுவில் தரையக்கா. ஒவ்வொரு பிரிவாக அழைத்தார்கள். சிறந்த மருந்தாளுநர், சிறந்த வண்டி ஓட்டுநர். பிறகு மேடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுத்ததாக மின்தூக்கிப் பிரிவு. பத்தாண்டுக் காலம் ஒரு சிறு விபத்தும் நேராமல் மின்தூக்கியை இயக்கிய..." என்று ஆரம்பித்து, ஒரு பெயரைச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். தரையக்காவும் தட்டினாள். மாமியார் விலாவில் இடித்தாள்.

"ஏம்மா, உன் பேரைத்தான சொன்னாங்க? உங்க ஆஸ்பத்திரி பேரையும் சொன்னாங்க."

"அத்தை, லிஃப்டுன்னு சொல்றாங்க."

"என்னவோ சொல்லிட்டுப் போறாங்க. போய் வாங்கு, வேற யாராச்சும் வாங்கிடப் போறாங்க."

கால்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போயின. கையில் ஒரு கண்ணாடிக் கேடயத்தைக் கொடுத்தார்கள். அதற்குள் குட்டியாக இரண்டு கதவுகள், அவற்றின் மேல் மேலும் கீழுமாக இரண்டு அம்புக்குறிகள். புகைப்படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் பார்த்திருக்கிறேன். பேயைப் பார்த்தவள்கூட அப்படி விழிக்க மாட்டாள்.

மேடையிலிருந்து இறங்கியவர்களை ஒரே வரிசையில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் பெரிய மருத்துவமனையின் லிஃப்ட்காரர், முறுக்கிய மீசை, அதே கருநீலக் கோட்டு, அதே பொத்தான்.

"உங்களுது எத்தன மாடி தங்கச்சி?"

"மாடி இல்லண்ணே."

அவர் மீசையைத் தடவினார். "அப்ப கீழ போகுதா?"

"எங்கயும் போகலண்ணே."

"அதான் விபத்தே இல்ல" என்றார் அவர், பொறாமையோடு. "நானும் அந்த மாதிரி ஒரு எடத்துக்கு மாத்தல் கேட்டுப் பாக்கணும்."

வீட்டுக்கு வரும் வழியில் வேனை ஓட்டிக்கொண்டே கணவர் சொன்னார்: "அப்போ வீட்ல ரெண்டு டிரைவர்." அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் சமைத்துச் சாப்பிட வேண்டியதாயிற்று.

மறுநாள் காலையில் கூடத்தில் கூட்டம் சேர்வதற்கு முன்பே கேடயத்தை டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினாள். கிளார்க் அலமாரிக்குப் பின்னால் ஏதோ தேடுவதுபோல மறைந்தார்.

"உக்காரு."

"நிக்கிறேன் மேடம். லிஃப்ட்காரங்க நிக்கத்தான் செய்வாங்க."

டாக்டரம்மா மறைக்காமல் சொன்னாள். இந்தக் கட்டடம் மூன்று மாடி என்றுதான் வரைபடம் போட்டார்கள். பணம் தரைத்தளத்தோடு தீர்ந்துபோயிற்று. ஆனால் லிஃப்டுக்கு ஆள் போடுவதற்கான அனுமதி மட்டும் முந்திக்கொண்டு வந்துவிட்டது. லிஃப்ட் வராமலே சம்பளம் மாதாமாதம் ஒதுக்கப்பட்டு, மாதாமாதம் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

"சின்னப் புள்ளைங்க மனசுக்கு ஒரு ஆள் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன்னு இவரக் கேளு. ஊசிக்குத் தலைப்பு உண்டு, எடை மெஷினுக்கு உண்டு, ஃப்ரிட்ஜுக்கு உண்டு, ஃப்ரிட்ஜைத் தொடைக்கிற துணிக்கு உண்டு. இதுக்கு இல்லையாம். பெரியவங்களுக்குன்னா பெரிய ஆஸ்பத்திரியில ஒரு பிரிவு இருக்காம். அஞ்சு வயசுக்குள்ள யாருக்கும் மனசே கெடையாதுன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்? இருந்த தலைப்புல ஒண்ண எடுத்தேன்."

"என் படிப்புச் சான்றிதழ வாங்குனீங்களே, அத என்ன பண்ணீங்க?"

"பத்திரமா வெச்சிருக்கேன்."

"ஆமா. லிஃப்டுக்கு அது எதுக்கு." பத்து வருடம் தான் என்னவாக இருந்தோமோ அது எந்தக் காகிதத்திலும் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குள் இறங்கியது. அதற்குப் பின்னாலேயே இன்னொன்றும் இறங்கியது. ஒரு படி இறங்கும் அறை. ஜன்னல் இல்லை. இரண்டு மடங்கு உயரம். உச்சியில் கொக்கி.

"மேடம். என் ரூம்?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து கிளார்க் சொன்னார்: "ஸ்ட்ரெச்சர் போற சைஸ் லிஃப்டும்மா. அதான் கொஞ்சம் தாராளமா இருக்கு."

"அப்ப நான் இத்தன வருஷமா லிஃப்ட் குழிக்குள்ளயா உக்காந்திருந்தேன்?"

"வேற ரூம் ஏதும்மா இருக்கு?" என்றாள் டாக்டரம்மா.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா, யாராவது வந்து கேட்டா நீ மறைப்பியா?"

"மாட்டேன்."

"அதான் சொல்லல."

பாராட்டு எப்படி வந்தது என்பதும் வெளியே வந்தது. ஒவ்வொரு வருடமும் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் அறிக்கையில் மின்தூக்கி விபத்துகள் என்று ஓர் இடம் இருக்குமாம். கிளார்க் அதில் முத்து முத்தான எழுத்தில் இல்லை என்று எழுதிவந்திருக்கிறார்.

"காலியா விட்டுத் தொலைச்சிருக்கலாம்லய்யா?" என்றாள் டாக்டரம்மா.

"காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க மேடம். உண்மையத்தான எழுதுனேன்."

அதற்குமேல் அவரை என்ன சொல்வது? பத்து வருட உண்மை அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டது. விழாப் புகைப்படத்தைப் பார்த்த கட்டடப் பிரிவுக்காரர் ஒருவர், அங்கே நாங்கள் லிஃப்டே பொருத்தவில்லையே என்று கேட்டுவிட்டார். தணிக்கை அதிகாரி நேரில் வருகிறார் என்று தொலைபேசி வந்தது. லிஃப்ட் இல்லை என்று அவர் எழுதினால் பதவி போகும். பதவி போனால் தரையக்கா போக வேண்டும். கடைசி அறையில் பழைய நாற்காலிகளை அடுக்குவார்கள்.

கிளார்க் பயத்தில் ஒரு காரியம் செய்தார். அதிகாரி வரும் நாளன்று காலையில், தரையக்காவின் அறைக் கதவில் 'மின்தூக்கி பழுது' என்று அட்டை எழுதி ஒட்டினார். எழுத்து என்னவோ அழகுதான். முதலில் வந்த ஒரு தாய் அதைப் படித்துவிட்டு, அறையையும் பார்த்துவிட்டு, குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போனாள். தரையக்கா ஓடிப்போய் அவளைக் கூடத்திலிருந்து கூட்டிவந்தாள். பிறகு அட்டையைக் கிழித்தாள்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க? ஒரு வருஷம் ஓட்டியிருக்கலாம்" என்று கிளார்க் கையைப் பிசைந்தார்.

"நான் பழுதா? இங்க வர்ற புள்ளைங்க பழுதா? போகட்டும் வேல. இந்த வாசல்ல மட்டும் அந்த வார்த்த வேணாம்."

தணிக்கை அதிகாரி ஒல்லியானவர், கைப்பையை மார்போடு அணைத்துப் பிடிக்கும் பழக்கம் உள்ளவர். கூடத்து அழுகையைக் கேட்டு முகம் சுளித்தார். "லிஃப்ட் எங்க?" என்றார். கிளார்க் கடைசி அறைப் பக்கம் கையை நீட்டினார். அதிகாரி வேகமாக நடந்து, கதவைத் தள்ளி, அந்தப் படியைக் கவனிக்காமல் காலை வைத்து, தொப்பென்று பாயில் உட்கார்ந்தார். கைப்பை ஒரு மர வாத்தின் மேல் விழுந்தது.

தரையக்கா திரும்பிப் பார்க்கவில்லை. உள்ளங்கையை மட்டும் உயர்த்தினாள். அப்படியே இருங்கள் என்று அர்த்தம். எழுந்தால் சத்தம் வரும். அதிகாரி, ஏனென்று அவருக்கே தெரியாமல், அப்படியே இருந்தார்.

எதிரே ஓர் இளம் தாய். மடியில் எட்டு மாதப் பையன். சளிக்கு மருந்து வாங்க வந்தவள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டாள். பையன் தலையைப் பின்னால் சாய்த்து உச்சியில் தெரிந்த வெளிச்சத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். தாய் அவன் முகத்துக்கு நேரே குனிந்து, இங்க பாரு, அம்மாவப் பாரு என்று விரலைச் சொடுக்கிக்கொண்டிருந்தாள். அவன் பார்க்கவில்லை.

"கூப்பிட வேணாம்மா. அவன் பாக்குறத நீங்களும் பாருங்க" என்றாள் தரையக்கா.

தாய் அண்ணாந்து பார்த்தாள். தரையக்காவும் பார்த்தாள். அதிகாரியும் பார்த்தார், வேறு வழியில்லாமல். வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. தகரத்தின் மேல் ஒரு பறவை நடந்தது. அதன் நிழல் வெளிச்சத் துண்டைக் கடந்து போயிற்று. பையனின் வாய் திறந்தது. அவன் தலையைத் திருப்பினான். அம்மா பார்த்தாளா என்று அவள் முகத்தைப் பார்த்தான்.

"பாத்துட்டேன்" என்றாள் தாய், மெதுவாக. "நானும் பாத்தேன்டா."

பையன் மறுபடி மேலே பார்த்தான். மறுபடி அவளைப் பார்த்தான். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, யார் இருக்கிறார்கள் இல்லை என்றெல்லாம் பார்க்காமல், ஒரு மூச்சில் சொன்னாள்:

"அக்கா, வீட்ல இருந்த கத்தியெல்லாம் பெரியக்கா வீட்ல குடுத்துட்டேன். அரிவாமண, கத்தரிக்கோல், எல்லாம். இவன எதாச்சும் பண்ணிடுவேனோன்னு நெனப்பு வருது. நான் நெனைக்கலக்கா, அது தானா வருது. குளிப்பாட்டும்போதெல்லாம் வருது. யார்கிட்டயும் சொல்லல."

அதிகாரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். தரையக்காவுக்கும் உள்ளே ஜில்லென்றுதான் இருந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னாள். ஆனால் அவள் முகத்தைப் பார்க்க, எதிரே தாயின் மடியில் ஒருவன் இருந்தானே. அவள் முகம் மாறவில்லை.

"அப்ப காய் எப்படிம்மா நறுக்குறீங்க?"

அந்தப் பெண் அழுகைக்கு நடுவில் திகைத்தாள். "கையால பிச்சுப் போடுறேன்க்கா."

"கேரட்டையுமா?"

"கேரட் வாங்குறதில்ல." அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே இன்னும் அழுதாள்.

"இந்த நெனப்பு நெறையப் பேருக்கு வருதும்மா. வெளிய சொல்றது கெடையாது, அவ்வளவுதான். நெனப்பப் பாத்துப் பயந்து கத்தியத் தூக்கிக் குடுத்தீங்க பாருங்க, அதுதான் நீங்க. நெனப்பு நீங்க இல்ல. இருந்தாலும் இத நம்ம ரெண்டு பேரோட விட முடியாது. டாக்டரம்மாகிட்ட நானும் வர்றேன். உங்க பெரியக்காவுக்கு ஒரு போன் போடுவோம். இன்னிக்குத் தனியா வீட்டுக்குப் போக வேணாம். சரியா?"

"புள்ளையப் புடுங்கிடுவாங்களாக்கா?"

"புடுங்கவா? அவன் உங்களத்தான் பாத்துக்கிட்டு இருக்கான், பாருங்க."

அவர்கள் இருவரும் குழந்தையோடு டாக்டர் அறைக்குள் போனார்கள். அன்றைக்கு வரிசை நகரவே இல்லை. பெரிய மருத்துவமனையில் பெரியவர்களுக்கான மனநல மருத்துவரிடம் அன்றே பேசி நேரம் வாங்கினாள் டாக்டரம்மா. பெரியக்கா வந்து தங்கையையும் பிள்ளையையும் கூட்டிப் போனாள். கூடத்தில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. என்னவோ நடந்திருக்கிறது என்பது அழுகிற பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

அதுவரை அதிகாரி குழியிலிருந்து வெளியே வரவில்லை. கிளார்க் எட்டிப் பார்த்தபோது, மர வாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கி உட்கார்ந்திருந்ததாகக் கிளார்க் சொல்கிறார். கால் மரத்துப்போய் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்திருந்ததாக ஊசி அறை நர்ஸ் சொல்கிறாள். எப்படியோ, இருவரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டியதாயிற்று.

"இங்க நடக்குற வேலைக்குப் பேர் என்ன?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டார்.

"பேர் இருந்திருந்தா நான் ஏன் சார் லிஃப்ட்னு போடுறேன்?"

"லிஃப்ட் இல்லன்னு நான் எழுதித்தான் ஆகணும். அதுல எனக்கு வேற வழி இல்ல."

"எழுதுங்க. ஆனா இருக்குறதையும் எழுதுங்க."

அவர் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டார். "எழுதுறேன். ஆனா படிக்க மாட்டாங்க. அந்தம்மாவ நேர்ல வந்து சொல்லச் சொல்லுங்க. நிதிக் குழு கூடும்போது நான் கூட்டிட்டுப் போறேன்."

நிதிக் குழு கூடும் அறையில் நீளமேசை. ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. தரையக்காவுக்குப் பத்து வருடமாக நாற்காலியில் உட்கார்ந்து பேசிப் பழக்கமில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவளோடு துணைக்குப் போன மாமியார் வெளியே வாசலில் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தாள்.

குழுத் தலைவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். "எத்தன குழந்தைக்கு நோய் குணமாச்சு?" என்றார்.

"நோய்னு எதுவும் வரலீங்க. வர்றதுக்கு முன்னாடியே எங்ககிட்ட வந்துடுறாங்க. ஊசி போட வரும்போது, எடை போட வரும்போது. அப்பவே கொஞ்சம் உக்காந்து பாத்துட்டா..."

"அதாவது, ஒண்ணும் நடக்கல."

"நடக்காம பாத்துக்கறதுதாங்க வேல."

தலைவர் பேனாவை உருட்டினார். "வராத நோய்க்கு நான் எப்படிம்மா பணம் ஒதுக்குறது? யாராச்சும் கேட்டா என்ன காட்டுவேன்?"

அந்த இளம் தாயைப் பற்றிச் சொல்லலாம், வாயைத் திறந்தால் போதும், மேசை முழுக்க நடுங்கும். ஆனால் அது அந்தப் பெண்ணின் சொத்து, இங்கே எடுத்துப் பரப்புவதற்கில்லை. அந்தப் பெண்ணே சொல்லிக்கொள்ளச் சொன்ன பிறகுதான் என் காதுக்கே அது வந்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேலை போயிற்று என்று முடிவே கட்டிவிட்டாள்.

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த தணிக்கை அதிகாரி எழுந்தார். குரலை உயர்த்தவே இல்லை. "ஐயா, இந்தம்மாவுக்குப் போன மாசம் நாமதான் கேடயம் குடுத்தோம். இல்லாத லிஃப்ட்ல, நடக்காத விபத்துக்கு. அப்ப யாரும் எதையும் காட்டச் சொல்லல. நான் அந்தக் குழிக்குள்ள உக்காந்து பாத்தேன். அங்க அன்னிக்கு நடக்காம போனது என்னன்னு எனக்குத் தெரியும். அத இங்க சொல்ல எனக்கு உரிமை இல்ல. ஆனா அதுக்கப்புறம் எனக்கு ரெண்டு நாள் சோறு எறங்கல."

கணக்கைத் தவிர வேறெதுவும் பேசாத மனிதர் என்று அவரை எல்லோருக்கும் தெரியும். அவர் சோற்றைப் பற்றிப் பேசியதுதான் அவர்களைத் தூக்கிவாரிப்போட்டது. தலைவர் தண்ணீர்ப் புட்டியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். பிறகு முதல்முறையாகத் தரையக்காவின் முகத்தை நேராகப் பார்த்து, "அந்த ரூம்ல ஒரு ஜன்னலாவது இருக்காம்மா?" என்று கேட்டார்.

அன்றைக்கே, அந்த மேசையிலேயே, ஆணை பிறந்தது. நாட்டில் உள்ள அத்தனை குழந்தைகள் மருத்துவமனையிலும், எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தரையக்கா. அதற்கென்று தனித் தலைப்பு, தனி நிதி, அழியாத மையில் எழுதி...

"நிறுத்துங்க பெரியம்மா." நான் எழுதியதை வாசிக்கச் சொல்லி இவ்வளவு நேரம் எதிரில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த தரையக்கா தலையில் கைவைத்துக்கொண்டாள். "அத்தன மருத்துவமனைன்னு யார் சொன்னா? எங்க ஒரு எடத்துக்குத்தான். அதுவும் ஒரு வருஷத்துக்கு. முடிஞ்சா மறுபடி போய் அந்த மேசைக்கு முன்னாடி நிக்கணும். மத்த ஊர் டாக்டருங்கல்லாம் எங்க கிளார்க்குக்குப் போன் போட்டு, இத எப்படிப் பண்ணீங்கன்னு கேக்குறாங்க. பக்கத்து ஊர் குழந்தைங்க ஆஸ்பத்திரியில எங்கூடப் படிச்சவ ஒருத்தி போன வாரம் வேலைக்குச் சேந்துட்டா. ஜெனரேட்டர் ஆபரேட்டரா."